ஓட்டோ ஏசி: 28இல் வைத்தாலும் குளிர் விடுதில்லை. காஸா, சென்சரா?

வெள்ளவத்தை141 · மார்ச் 4, இரவு 9.12

டொயோட்டா அக்சியோ 141 கார், டிஜிட்டல் ஓட்டோ ஏசி (பாகையை வைத்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்வது). 25இல் விட்டால் மத்தியானத்தில் புளோவர் முழு வேகத்தில் அடித்தபடியே இருக்குது, அரை மணித்தியாலம் ஓடினாலும் இறங்குறதில்லை. பின்சீட்டில் இருக்கிறவர்கள் நடுங்குகிறார்கள். 28க்கு ஏற்றினால்தான் ஒரு மாதிரி இருக்கலாம். இரவில் அவ்வளவு மோசமில்லை. காஸ் குறைவு என்று கராஜில் இரண்டு தரம் ஏற்றியாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. ஓட்டோ ஏசி குளிர்நாட்டுக்கென்று செய்த சாமான், கொழும்பு வெயிலுக்குச் சரிவராது என்பதுதான் என் முடிவு. மனுவல் பனலுக்கு மாற்றினால் என்ன செலவு வரும்?

கொட்டாஞ்சேனை · மார்ச் 4, இரவு 9.40

காஸ்தான். 134ஏ (ஏசிக் காஸ்) சரியான அளவு போட்டிருக்க மாட்டார்கள். வேறு இடத்தில் போட்டுப் பாருங்கள்.

மல்டிமீட்டர் · மார்ச் 4, இரவு 10.25

காஸ் இல்லை. குளிர் தாங்கவில்லை என்று வந்த வண்டிக்குக் காஸ் ஏற்றினவர் கெட்டிக்காரர்தான். காஸ் குறைந்தால் புளோவர் கத்தும், ஆனால் ஆள் வியர்ப்பார். இங்கே புளோவரும் கத்துது, ஆளும் நடுங்குகிறார். அப்படியென்றால் குளிராக்கும் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கிற பக்கம்தான் ஏமாந்திருக்கிறது.

மனுவலுக்கு மாற்ற வேண்டாம். பனலை மட்டும் மாற்றிச் சரிவராது. புளோவர் கட்டுப்பாடு, ஏசிப் பெட்டிக்குள் காற்றைத் திருப்புகிற கதவுகளின் மோட்டார்கள், வயரிங் எல்லாம் வேறு. அந்தச் செலவில் நல்ல சென்சர் நான்கு வாங்கலாம்.

மல்டிமீட்டர் · மார்ச் 4, இரவு 11.05

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதைக்க இலகு.

நீங்கள் 25 என்று வைத்தால் 25 பாகைக் காற்று வருவதில்லை. உள்ளே இருக்கிற ஆளுக்கு 25 பாகை மாதிரி இருக்க, துவாரத்தால் எத்தனை பாகைக் காற்று விட வேண்டும் என்று ஏசி கொம்பியூட்டர் கணக்குப் போடும். டென்சோ வகைச் சிஸ்டங்களில் கணக்கு ஏறக்குறைய இப்படி:

வெளிவிட வேண்டிய காற்று = (அ × நீங்கள் வைத்த இலக்கம்) − (ஆ × உள்வெப்பம்) − (இ × வெளிவெப்பம்) − (ஈ × வெயிலின் கடுமை) + மாறிலி

அ, ஆ, இ, ஈ எல்லாம் கொம்பனி வைத்த குணகங்கள், வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக "அ" தான் பெரிது. வெயிலில் கிடந்த வண்டியை எடுத்தவுடன் இந்த விடை மைனஸில் கூட வரும். மைனஸ் 30 பாகைக் காற்று எங்கேயும் இல்லை. "உள்ள குளிரையெல்லாம் கொண்டு வா" என்பதுதான் அதற்குப் பொருள்.

அந்த ஒரே விடையிலிருந்து மற்ற எல்லாம் தீர்மானமாகும். விடை மிகக் குறைவென்றாலும் மிகக் கூடவென்றாலும் புளோவர் உச்சத்தில் ஓடும், நடுவில் வந்தால் மெல்ல ஓடும். குறைவென்றால் காற்று முகத்துக்கு, கூடினால் காலுக்கு, இடையில் இரண்டுக்கும். கடும் குளிர் தேவையென்றால் உட்காற்றுச் சுழற்சி. ஆகவே நான்கு உள்ளீட்டில் ஒன்று பொய் சொன்னாலும் புளோவர், கதவு, காற்றுத் திசை மூன்றும் சேர்ந்து பிழைக்கும். ஒரே நேரத்தில் மூன்று சாமான் பழுதான மாதிரித் தெரியும்.

உங்கள் வண்டியில் உள்வெப்ப சென்சர் உண்மையைவிடச் சூடாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். கபின் 24க்கு வந்த பிறகும் அது 30 என்கிறது. அதனால்தான் ஓயாமல் குளிரடிக்குது. நீங்கள் 28 வைக்கும்போது அந்தப் பொய்யைக் கையால் ஈடுகட்டுகிறீர்கள். "அ" பெரிது என்பதால் மூன்று பாகை ஏற்றினாலே ஆறேழு பாகைப் பொய்யை மூடிவிடலாம்.

வெள்ளவத்தை141 · மார்ச் 5, காலை 7.30

சென்சர் எங்கே இருக்கு அண்ணா? ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சல்லடை மாதிரி இருக்கு, அதுவா? டாஷ்போட் கழற்ற வேணுமா?

மல்டிமீட்டர் · மார்ச் 5, காலை 8.10

அதுவேதான் தம்பி. அந்தச் சல்லடைக்குப் பின்னால் பயறளவு தேமிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறுகிற சாமான்). அதன் பின்புறத்தில் மெல்லிய குழாய் ஒன்று பூட்டியிருக்கும், மறுமுனை புளோவர் பெட்டியில். புளோவர் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சல் கபின் காற்றைச் சல்லடையால் இழுத்து சென்சருக்கு மேலால் ஓட விடும். சில மொடல்களில் குழாய்க்குப் பதிலாக நகத்தளவு மோட்டார் ஃபான் இருக்கும்.

கழற்ற முன் செய்ய வேண்டிய சோதனை: டிசுவில் ஒரு படையை மட்டும் பிரித்து, இரண்டு சென்ரிமீற்றர் சதுரமாகக் கிழியுங்கள். புளோவரை உச்சத்துக்கு ஏற்றி, அதைச் சல்லடையில் வைத்துக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் குழாய் சரி. விழுந்தால் குழாய் கழன்றிருக்கு, அல்லது தூசு அடைத்திருக்கு.

இன்னொரு கேள்வி. அண்மையில் அன்ட்ராய்ட் பிளேயர், டாஷ் கமரா, அலாம் ஏதும் பூட்டினீர்களா?

வெள்ளவத்தை141 · மார்ச் 5, இரவு 8.55

டிசு விழுந்திட்டுது. ஒரு செக்கன் கூட நிற்கவில்லை. பிளேயர் டிசம்பரில் பூட்டினது. எப்படித் தெரியும்?

மல்டிமீட்டர் · மார்ச் 5, இரவு 9.20

கொழும்பில் இந்தக் குழாய் கழன்ற வண்டிகளில் நிறைய பிளேயர் பூட்டியவைதான். டாஷ்போட் பனலை இழுக்கும்போது குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும். திரும்ப மூடுகிறவருக்கு அது தெரியாது, வேலை முடிந்ததும் பாட்டு வருகிறதா என்றுதான் பார்ப்பார். குழாய் இல்லாவிட்டால் சென்சருக்குக் கபின் காற்று வராது. டாஷ்போட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிற காற்றைத்தான் அது அளக்கும். மத்தியான வெயிலில் அந்த இடம் கபினைவிட எவ்வளவோ சூடு. இரவில் டாஷ்போட் ஆறிவிடும், பொய்யும் சிறுக்கும். இரவில் அவ்வளவு மோசமில்லை என்று நீங்கள் எழுதியது இதனால்தான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பனலைக் கழற்றி டோச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பான குழாய் ஒன்று எங்காவது தொங்கும். வெடித்திருந்தால் ஒட்டுநாடா சுற்ற வேண்டாம், சூட்டில் பசை இளகும். அதே விட்டத்தில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டு செருகினால் போதும்.

சென்சரையும் அளந்து விடுங்கள். டொயோட்டாவில் உள்வெப்ப சென்சரும் வெளிவெப்ப சென்சரும் 25 பாகையில் 1.60 முதல் 1.80 கிலோஓம். 30 பாகையில் சுமார் 1.3 முதல் 1.5. கொழும்பில் ஏசி இல்லாத அறையில் அளந்தால் இந்த இரண்டாவது இலக்கத்துக்குக் கிட்டத்தான் வரும், பார்த்துவிட்டுப் பழுது என்று எறிய வேண்டாம். விரலுக்குள் பொத்தினால் ஓம் இறங்க வேண்டும், விட்டால் ஏற வேண்டும். அசையாமல் நின்றால்தான் மாற்ற வேண்டும்.

கொட்டாஞ்சேனை · மார்ச் 5, இரவு 10.02

இவ்வளவுக்கு ஸ்கேனர் போட்டால் பிழைக் கோட் காட்டாதா?

மல்டிமீட்டர் · மார்ச் 5, இரவு 10.31

காட்டாது. வயர் அறுந்தால், ஷோட் ஆனால் கோட் வரும். சென்சர் தனக்கு முன்னால் இருக்கிற காற்றை ஒழுங்காக அளக்கிறது, இருக்கிற காற்றுத்தான் பிழை. கொம்பியூட்டர் இதை எப்படிப் பிடிக்கும்? நல்ல ஸ்கேனரில் நேரடி இலக்கங்களைப் பார்த்தால் தெரியும். உள்ளே ஒரு தேமோமீட்டர் வைத்து, ஸ்கேனர் சொல்கிற உள்வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகும் நாலைந்து பாகை வித்தியாசம் நின்றால் குழாயைத் தேடுங்கள்.

ஸ்கேனர் இல்லாமலே கோட் பார்க்கலாம். பெரும்பாலான டொயோட்டாக்களில் ஓட்டோ பொத்தானையும் உட்காற்றுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி இக்னிஷனை ஓன் செய்யுங்கள். டிஸ்பிளே, லைட் எல்லாம் நான்கு தரம் மினுங்கும். பிறகு கோட் வரும்:

00 என்றால் ஒன்றுமில்லை. 11 உள்வெப்பம், 12 வெளிவெப்பம், 13 எவாப்பரேட்டர் (காற்றைக் குளிராக்கும் தகட்டுப் பகுதி), 14 என்ஜின் தண்ணீர், 21 வெயில் சென்சர், 22 கொம்பிரசர் இறுகல், 23 காஸ் அழுத்தம், 31ம் 41ம் காற்றுக் கலப்புக் கதவு (குளிர்காற்றையும் சூட்டுக்காற்றையும் கலக்கிறது). வெளியே வர ஓஃப் பொத்தான்.

நிஸானில் வேறு வழி. பழைய மொடல்களில் என்ஜின் ஸ்டாட் செய்து 10 செக்கனுக்குள் ஓஃப் பொத்தானை 5 செக்கன் பிடிக்க வேண்டும். அங்கே 20 வந்தால் எல்லாம் சரி.

வெள்ளவத்தை141 · மார்ச் 6, இரவு 9.48

குழாயைக் கண்டுபிடித்தாச்சு. பிளேயர் வயர்க் கட்டோடு சேர்த்து கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார்கள்! செருகிவிட்டேன், டிசு இப்போது ஒட்டுது. ஆனால் கோட் பார்த்தேன், 21 வருது. வெயில் சென்சர் போய்விட்டதா? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்குமா?

மல்டிமீட்டர் · மார்ச் 6, இரவு 10.05

எங்கே நிறுத்திப் பார்த்தீர்கள்?

வெள்ளவத்தை141 · மார்ச் 6, இரவு 10.07

பிளட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில்.

மல்டிமீட்டர் · மார்ச் 6, இரவு 10.20

வெயில் இல்லாத இடத்தில் வெயில் சென்சர் வேறு எதைச் சொல்லும்? இருட்டில் 21 வருவது வழமை. நிஸானில் அதே கதை 25 என்று வரும். பகலில் வெளியே நிறுத்திப் பாருங்கள். அல்லது 60 வாட் குண்டு பல்பைச் சென்சருக்குக் கிட்டப் பிடியுங்கள். எல்ஈடி பல்பு வேண்டாம். சென்சர் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு, எல்ஈடியில் அது கிட்டத்தட்ட இல்லை. இந்த 21ஐ நம்பி நல்ல சென்சரை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

மல்டிமீட்டர் · மார்ச் 6, இரவு 10.44

வெயில் சென்சர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். டாஷ்போட்டின் மேல், கண்ணாடிக்குக் கிட்ட, கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கும். அதற்கு மேல் பிள்ளையார் இருக்கிறாரா என்று பாருங்கள். புத்தர், மாதா, டாஷ் விரிப்பு, பார்க்கிங் டிக்கட் யாராக இருந்தாலும் ஒன்றுதான். மூடினால் கொம்பியூட்டருக்கு எப்போதும் இரவு. கணக்கில் "ஈ × வெயில்" பூச்சியமாகும், மத்தியானத்தில் குளிர் போதாது. பிள்ளையாரைப் பத்து சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் இருவருக்கும் நல்லது. சில வண்டிகளில் ஓட்டோ ஹெட்லைட்டும் அதே குமிழில் இருக்கும். பட்டப்பகலில் லைட் எரிந்தால் அதுவே அடையாளம்.

ஆரஞ்சுவயர் · மார்ச் 8, காலை 6.50

நல்ல இழை. ஒன்று சேர்க்கிறேன். இரண்டு தரம் காஸ் ஏற்றியதாக எழுதியிருக்கிறார். தராசில் நிறுத்து ஏற்றினார்களா, சும்மா கேஜ் பார்த்து ஏற்றினார்களா? கூடின காஸும் தொல்லைதான். எத்தனை கிராம் என்று போனட்டுக்குள் லேபல் சொல்லும். சந்தேகம் என்றால் முழுவதையும் மெஷினால் இழுத்து, வக்யூம் வைத்து, லேபல் அளவுக்கு நிறுத்துப் போடுங்கள்.

அழுத்தம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: உட்காற்று, புளோவர் உச்சம், குறைந்த பாகை, என்ஜின் 1,500 சுற்று, உள்ளிழுக்கும் காற்று 30 பாகைக்குக் கிட்ட. அப்போது தாழ் பக்கம் 21 முதல் 36 பிஎஸ்ஐ, உயர் பக்கம் 200 முதல் 230. இரண்டு பக்கமும் கூடினால் காஸ் கூட, அல்லது கொண்டென்சர் ஃபான் (சூடான காஸை ஆற வைக்கிறது) மெதுவாக ஓடுது. கொழும்பு–காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது குளிர் குறைந்து, ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்தால் முதலில் ஃபானைப் பாருங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ப்ரியஸ் (இரண்டாம் தலைமுறையிலிருந்து), அக்வா, அக்சியோ ஹைபிரிட் எல்லாவற்றிலும் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது, மோட்டார் சுருள் காஸுக்கும் ஒயிலுக்கும் நடுவிலேயே இருக்கும். அதற்கு என்டி-11 என்ற மின்காப்பு ஒயில். சாதாரண ஏசிகளுக்கான பாக் ஒயில் கலந்த காஸ் டின்னை ஏற்றினால் மின்காப்புக் குறையும், மின்கசிவைச் சொல்லும் பி0ஏஏ6 கோட் வரும், வண்டி ரெடிக்கு (ஓடத் தயாரான நிலைக்கு) வராமல் நிற்கும். இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் அதோடு 611 என்று துணைக் கோட் வந்தால் ஏசி பக்கம்தான் கசிவு. ஒயில் ஒரு தரம் கலந்தால் கழுவி எடுப்பது கஷ்டம், கொம்பிரசரையே மாற்ற வேண்டி வரும். சாதாரண வண்டிகளுக்குப் பாவிக்கிற மெஷினின் குழாயில் மிஞ்சி நிற்கிற ஒயிலே போதும் கெடுக்க. ஹைபிரிட்டுக்கென்று தனிக் குழாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

செம்மஞ்சள் வயரை (உயர் மின்னழுத்தம் ஓடுவது) நீங்களாகத் தொட வேண்டாம். ஹைபிரிட் பெட்டரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும், கபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க 10 நிமிடம் விட வேண்டும்.

கொட்டாஞ்சேனை · மார்ச் 8, மாலை 5.15

என்னுடையது இவருக்கு நேர்மாறு. டொயோட்டா அல்லியன். 18க்குக் கீழே இறக்கி எல்ஓ (முழுக் குளிர்) வைத்தாலும் துவாரத்தில் 13 பாகைதான். கேஜில் அழுத்தம் சரி, கொம்பிரசர் சரி. காஸ் இல்லை என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும்.

மல்டிமீட்டர் · மார்ச் 8, இரவு 9.30

காஸ் இல்லை.

எல்ஓ வைத்தால் கணக்கெல்லாம் நின்றுவிடும். கலப்புக் கதவு குளிர்ப் பக்கம் முழுக்கப் போக வேண்டும், ஹீட்டர் கோர் (என்ஜின் சுடுநீர் ஓடுகிற சூடாக்கி) வழியாக ஒரு துளிக் காற்றும் போகக் கூடாது. போகிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. என்ஜின் சூடாகி, ஏசி பத்து நிமிடம் ஓடி, துவாரத்தில் தேமோமீட்டர் ஒரு இலக்கத்தில் நிற்கட்டும். என்ஜின் பக்கத்தில் ஃபயர்வோலுக்குள் போகிற இரண்டு ஹீட்டர் குழாய்களில் ஒன்றைக் குழாய்க் கிளாம்பால் நெரியுங்கள். பிளையரால் வேண்டாம், பழைய ரப்பர் வெடிக்கும், கொதிநீர். நாலைந்து நிமிடத்தில் 13 என்பது 7, 8க்கு இறங்கினால் கதவு மூடவில்லை. இறங்காவிட்டால் பிழை வேறிடத்தில்.

எவ்வளவு சின்னக் கசிவு போதும் என்று பாருங்கள். கதவின் திறப்பு விகிதம் இப்படி வரும்: (வேண்டிய காற்று − எவாப்பரேட்டர்) ÷ (ஹீட்டர் தண்ணீர் − எவாப்பரேட்டர்). எவாப்பரேட்டர் 4, தண்ணீர் 84 என்றால் வித்தியாசம் 80. கதவு பத்துச் சதவீதம் திறந்து நின்றாலே காற்று 8 பாகை ஏறி 12 ஆகிவிடும். கண்ணால் பார்த்தால் மூடின மாதிரித்தான் இருக்கும்.

ஏன் மூடாது? கதவு விளிம்பின் ஸ்பொஞ் பழசாகித் தூளாகும். இருபது வருட வண்டியில் அந்தத் தூள் கறுப்பாகத் துவாரத்தால் மடியில் வந்து விழும். அல்லது கதவைத் திருப்புகிற சேர்வோ மோட்டாருக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பல்லு உடைந்திருக்கும். இக்னிஷன் போட்டதும் டாஷ்போட்டுக்குள் டிக் டிக் டிக் என்று சில செக்கன் கேட்டு நின்றால் அது பல்லு வழுக்குகிற சத்தம்.

கொட்டாஞ்சேனை · மார்ச் 10, இரவு 8.20

நெரித்தேன். 13லிருந்து 7.5. டிக் டிக் சத்தமும் இருக்கு, இத்தனை நாள் மணிக்கூடு என்று நினைத்தேன். சேர்வோ மட்டும் மாற்றினால் போதுமா?

மல்டிமீட்டர் · மார்ச் 10, இரவு 8.52

சேர்வோவைக் கழற்றிக் கதவுத் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசாகப் போய் இரண்டு முனையிலும் டப் என்று நின்றால் சேர்வோ மட்டும் போதும். இறுகினால் புதுச் சேர்வோவின் பல்லும் ஒரு வருடத்தில் போகும். பாவித்தது வாங்குகிறீர்கள் என்றால் பாட் நம்பரை ஒப்பிட்டே வாங்குங்கள். முகத்துக்கு, காலுக்கு என்று திசை மாற்றுகிற சேர்வோவும் இதுவும் வெளியில் ஒரே அச்சு, உள்ளே ஓட்டத் தூரம் வேறு.

மல்டிமீட்டர் · மார்ச் 11, காலை 7.05

மார்ச் 8இல் எழுதிய கதவுக் கணக்கோடு இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். எவாப்பரேட்டர் எப்போதும் 4 பாகை என்பது பழைய கிளட்ச் கொம்பிரசர்களுக்கு. அவை முழுக்கக் குளிராக்கிவிட்டு ஹீட்டரால் திரும்பச் சூடாக்கும், இரண்டு பக்கமும் செலவு. கொள்ளளவு மாறுகிற கொம்பிரசரும் மின்சாரக் கொம்பிரசரும் எவாப்பரேட்டரையே தேவையான அளவுக்குத்தான் இறக்கும். 10 பாகைக் காற்றுப் போதுமென்றால் எவாப்பரேட்டர் 9, 10இல் நிற்கும். ஆகவே ஹைபிரிட்டில் 25, 26 வைத்தால் பெற்றோல் மிச்சம். பழைய அல்லியனில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

எல்ஓ வைத்தால் கெதியாகக் குளிரும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில். வெயிலில் கிடந்த வண்டியில் 24 வைத்தாலும் விடை மைனஸ்தான், கதவும் புளோவரும் ஏற்கனவே முழுக்கத்தான் போயிருக்கும். முதல் பத்து நிமிடத்துக்கு எல்ஓ ஒன்றும் கூட்டித் தராது. கதவுக் கண்ணாடி நான்கையும் இறக்கி ஒரு நிமிடம் ஓடிய பிறகு ஏசி போடுவது அதைவிட எவ்வளவோ நல்லது.

வெள்ளவத்தை141 · மார்ச் 14, இரவு 10.10

இப்போது 25இல் நன்றாக இருக்கு. பகலில் சோதித்தேன், 00. வேறொரு விஷயம்: மழை நேரம் முன்கண்ணாடி வெளிப்பக்கம் புகை மாதிரி மூடுது. டிஃபொக் போட்டால் இன்னும் கூடுது. ஏசியில் பிழையா?

மல்டிமீட்டர் · மார்ச் 14, இரவு 10.38

பிழையில்லை. கொழும்புக் காற்றின் பனிநிலை 24 பாகைக்குக் கிட்ட நிற்கும். கண்ணாடி அதைவிடக் குளிர்ந்தால் வெளியே தண்ணீர் படியும். நீங்கள் டிஃபொக் போட்டுக் குளிர்காற்றைக் கண்ணாடிக்கே அடித்தால் இன்னும் படியும். வைப்பர் ஒரு தரம் போட்டு, காற்றை முகத்துக்குத் திருப்பி, பாகையை ஏற்றுங்கள்.

உட்பக்கம் மூடினால் கதை வேறு. ஈர உடுப்போடு ஏறியவர்களின் நீராவி அது. ஏசி ஓனில் இருக்க வேண்டும், வெளிக்காற்று எடுக்க வேண்டும், பாகை 26, 27. விரலால் தேய்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், தெரியாமல் பொத்தான் அழுத்த வேண்டாம்.

ஆரஞ்சுவயர் · மார்ச் 15, காலை 9.00

வெளிக்காற்று என்றதும் ஒன்று. கொழும்பு வெக்கைக்கு ஓட்டோ பெரும்பாலும் உட்காற்றிலேயே நிற்கும். நான்கு பேர் கதவை மூடிக்கொண்டு இருந்தால் கால் மணித்தியாலத்தில் காபனீரொட்சைட்டு 2,000 பிபிஎம்மைத் தாண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நித்திரையெல்லாம் சோற்றால் வருவதில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். முன்னால் கரும்புகை பஸ் இல்லாத நேரம் பார்த்து.

தெற்குஅதிவேகம் · மார்ச் 19, இரவு 11.15

அதிவேகப் பாதையில் மாத்தறைப் பக்கம் ஓடும்போது ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு காற்றின் வேகம் குறைந்து கொண்டே போகுது. புளோவர் சத்தம் கேட்குது, காற்று வருவதில்லை. நிறுத்திவிட்டு எடுத்தால் சரி. ஹொண்டா ஃபிட், ஓட்டோ ஏசி.

மல்டிமீட்டர் · மார்ச் 20, காலை 6.40

எவாப்பரேட்டர் ஐஸ் கட்டுது. தகடுகளுக்கு நடுவில் ஒரு தேமிஸ்டர் செருகியிருக்கும். ஒன்று முதல் மூன்று பாகைக்குக் கிட்ட வந்ததும் கொம்பிரசரை நிறுத்தச் சொல்வது அது. அது இடத்திலிருந்து நழுவி வெளியே நின்றால், அல்லது அளவு தப்பினால், பூச்சியத்துக்குக் கீழே போன பிறகும் கொம்பிரசர் ஓடும். முதலில் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கபின் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்தாலும் காற்றோட்டம் குறைந்து இதே தொல்லை வரும். கொழும்புத் தூசிக்கு 10,000 கிலோமீற்றருக்கு மேல் அதை விடக் கூடாது.

வழியில் நடந்தால் ஏசி பொத்தானை மட்டும் ஓஃப் செய்து, புளோவரை ஓட விடுங்கள். பத்து நிமிடத்தில் உருகும். வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்ட வேண்டும். கொட்டாமல் இடப்பக்கம் முன்சீட்டின் காலடி விரிப்பு நனைந்தால் வடிகுழாயும் அடைத்திருக்கு. அதைக் கீழிருந்து மெல்லிய கம்பியால் குத்தலாம். மேலிருந்து காற்றடித்தால் குழாய் பெட்டியிலிருந்து கழன்று, பிறகு எப்போதும் உள்ளேதான் ஒழுகும்.

வாகன்ஆர் · மார்ச் 22, இரவு 9.05

சிக்னலில் என்ஜின் தானாக நின்றதும் ஈரச் சாக்கு மணம் வருது. எல்லோருக்கும் வருமா?

ஆரஞ்சுவயர் · மார்ச் 22, இரவு 9.50

என்ஜின் நின்றால் உங்கள் கொம்பிரசரும் நிற்கும். எவாப்பரேட்டர் மெல்லச் சூடாகி, அதில் ஒட்டியிருந்த ஈரம் ஆவியாகி, அழுக்கின் மணத்தையும் தூக்கிக்கொண்டு வரும். சுசுகி 2012 வாகன் ஆரிலிருந்து ஈகோ-கூல் என்று எவாப்பரேட்டருக்குள் குளிரைச் சேமிக்கிற பொருள் வைத்தது இந்த இடைவெளிக்காகத்தான். அது குளிரைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும், அழுக்கைக் கழுவாது. எவாப்பரேட்டரைக் கழுவும் நுரையை வடிகுழாய் வழியாக ஏற்றுங்கள். வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் இருக்கையில் ஏசியை நிறுத்தி, புளோவரை வெளிக்காற்றில் ஓட விடுங்கள். வாசனைக் குப்பியைத் துவாரத்தில் தொங்கவிட்டால் சாக்கோடு மல்லிகையும் சேர்ந்து மணக்கும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை141 · ஏப்ரல் 9, மாலை 6.30

புதுவருடத்துக்கு நுவரெலியா போகிறோம். ஓட்டோவிலேயே விடலாமா?

மல்டிமீட்டர் · ஏப்ரல் 9, இரவு 8.15

விடலாம், அங்கேதான் மற்றப் பாதி வேலை செய்யும். ஆனால் போக முன் ஹீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் சூடான பிறகு 30க்கு ஏற்றி, காலடியில் சூடு வருகிறதா என்று கை வைத்தால் போதும். ஹீட்டர் கோர் ஒழுகினால் இரண்டு குழாயையும் ஒன்றாக இணைத்துவிடுகிற பழக்கம் இங்கே கராஜ்களில் உண்டு. கொழும்பில் அது தெரியவே தெரியாது. கொம்பியூட்டருக்கும் தெரியாது. என்ஜின் தண்ணீர் 85 பாகை, சூடு இருக்கிறது என்று நம்பிக் கதவைத் திறக்கும், வருவது பச்சைக் காற்று. சூடு போதவில்லை என்று இன்னும் திறந்து, புளோவரையும் ஏற்றும். நுவரெலியா இரவில் 12 பாகைக் காற்றை முழு வேகத்தில் முழங்காலுக்கு அடிக்கும்.

குளிர் என்ஜினில் ஸ்டாட் செய்ததும் காலுக்குக் காற்றே வராவிட்டால் அது பழுதில்லை. தண்ணீர் சூடாகும் வரை புளோவரை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

ஆரஞ்சுவயர் · ஏப்ரல் 9, இரவு 8.40

ஹைபிரிட்டில் போகிறவர்கள்: அங்கே 27, 28 வைத்தால் ஹீட்டருக்குத் தண்ணீர் சூடு வேண்டுமென்று என்ஜின் நிற்காமல் ஓடும், பெற்றோல் கணக்கு உதைக்கும். 22க்கு இறக்குங்கள், அல்லது ஏசி பனலையே ஓஃப் செய்யுங்கள். கண்ணாடி மூடினால் மட்டும் டிஃபொக்.

கொட்டாஞ்சேனை · ஏப்ரல் 10, காலை 7.20

சேர்வோ பூட்டியாச்சு, எல்ஓவில் 6.8. பெட்டரி கழற்றிப் பூட்டியதும் கதவுகள் தாங்களாகவே அங்குமிங்கும் போய் வந்தன. ஏதும் அழுத்த வேணுமா?

மல்டிமீட்டர் · ஏப்ரல் 10, காலை 7.45

வேண்டாம். இரண்டு எல்லைக்கும் போய்த் தன் பூச்சியத்தைப் பிடிக்குது. அது முடியும் வரை ஒரு பொத்தானையும் தொடாதீர்கள், இக்னிஷனையும் ஓஃப் செய்யாதீர்கள். இடையில் நிறுத்தினால் 41 வரக்கூடும், திரும்பவும் பெட்டரியைக் கழற்ற வேண்டி வரலாம்.